அரிசி டின்னில் ருசியா ராஜா

சனிக்கிழமை காலையில் எழுந்ததும் கருப்பம்மாள் செய்த முதல் காரியம், சாமி மேடையில் இருந்த வெள்ளிக் காசை எடுத்து அரிசி டின்னுக்குள் ஆழமாகப் புதைத்ததுதான். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கோவிச்சுக்காத சாமி, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்" என்று முணுமுணுத்துவிட்டு மூடியை அழுத்தி மூடினாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. போன வாரம் அவள் மகன் பத்துமலை, அப்பனுக்குத் தெரியாமல் அந்தக் காசை ஈப்போ டவுனில் பழங்காசு வாங்கி விற்கும் கடைக்குக் கொண்டு போனானே, அங்கே கிடைத்த பதில் அப்படி. காசு பழசுதான், ஆனால் அதன் மேல் அடித்திருக்கிற குதிரை முத்திரை புதுசு, ஆளை ஏமாற்ற எவனோ பிற்பாடு அடித்தது என்று கடை முதலாளியான சீனத் தவுக்கே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார். பத்துமலை அதை அம்மாவிடம் மட்டும் சொன்னான். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

காசு போலியாக இருந்தால் என்ன, அதை விற்றா உலை வைக்கப் போகிறார்கள்? விஷயம் அதில்லை. அந்தக் காசை வைத்து அவள் வீட்டுக்காரர் பிச்சைமுத்து அளந்து வைத்திருக்கிறாரே, அதுதான் விஷயம்.

பிச்சைமுத்து இப்போது ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். அந்தக் காலத்தில் சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய துரைக்குக் கார் ஓட்டியவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்தார். கார் போனது, துரை போனார், தோட்டமும் போனது. கதைகள் மட்டும் கூடவே வந்துவிட்டன.

கார் விளக்கு வெளிச்சத்தில் புலி நின்று சலாம் வைத்த கதை. ஜப்பான்காரன் அடித்த அறையில் கோணிய தாடை, அடுத்த அறையில் நேரான கதை. துரையோடு கார் ஆற்றில் விழுந்தபோது துரையைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்த கதை. சுதந்திரம் கிடைத்த வருஷம் ஊருக்குக் கிளம்பிய துரை, அதற்கு நன்றியாக, தன் தாய்வழிச் சொத்தான ருசியா ராஜா காசைக் கையில் வைத்து அழுத்திய கதை.

கருப்பம்மாள் அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடுவாள். மீதிப் பாதியையும் நம்ப மாட்டாள். ஆனாலும் கேட்கச் சுகமாக இருக்கும். குடிக்காத, கை நீட்டாத மனுஷன் நாலு பொய் சொன்னால்தான் என்ன என்று கல்யாணமான நாளிலிருந்து நிம்மதியாகக் காலம் தள்ளியவள் அவள்.

அந்த நிம்மதிக்குத்தான் இப்போது ஆபத்து.

மகள் தவமணி ஆஸ்பத்திரியில் தாதி. அதே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் கார்த்திகேசுவும் அவளும் ஒருவரை ஒருவர் விரும்பிவிட்டார்கள். பையன் யாழ்ப்பாணத்துக் குடும்பம். தகப்பனார் மயில்வாகனம், பாரிட் புந்தாரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சம்மதம்தான். தாயார் சாரதாதேவிக்குத்தான் தோட்டத்துச் சம்பந்தம் தொண்டையில் முள்ளாக நின்றது. இன்றைக்கு இரண்டு பேரும் மகனோடு பெண்ணைப் பார்க்க வருகிறார்கள்.

இதில் வினை என்னவென்றால், மயில்வாகனம் பழங்காசு சேர்க்கிறவர். அது தெரிந்ததும் நம் பிச்சைமுத்து, போன மாதம் கோயில் வாசலில் அவரைப் பிடித்து, "எங்ககிட்ட ருசியா ராஜா முத்திர போட்ட காசு இருக்குங்க. ஆயிரத்து அறுநூத்து அம்பத்தஞ்சுன்னு வருஷமே போட்டிருக்கும். வாங்க, காட்டுறேன்" என்று சொல்லிவிட்டார். அவரும் கண்ணை அகல விரித்து, "அப்ப நான் கட்டாயம் பாக்க வேணும்" என்று சொல்லிவிட்டார்.

வந்து பார்த்துப் போலி என்று சொன்னால்? தோட்டத்தான் அண்டப்புளுகன் என்று சாரதாதேவிக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். அந்த ஒரு காரணத்துக்குத்தான் அந்த அம்மாள் காத்துக்கொண்டிருந்தாள்.

*

"கருப்பம்மா, சாமி மேடையில காசக் காணோமே."

"அங்கனதான் இருக்கும். நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன்லா. விளக்குக்குக் கீழ, படத்துக்குப் பின்னால, எல்லாம் பாத்தாச்சு."

"அவுங்க வாற நேரத்துல காசு காசுன்னு நிக்கிறீங்க. போய்ச் சட்டைய மாத்துங்க. அந்தப் பொத்தான் அறுந்த சட்டையோட நிக்காதீங்க."

பிச்சைமுத்து சட்டையை மாற்றிக்கொண்டு வந்து மறுபடியும் தேடினார். கட்டிலுக்கடியில் தலையை விட்டார். தலைமுடியில் ஒட்டடையோடு எழுந்து நின்றபோது வாசலில் கார் வந்து நின்றது. தவமணி ஓடி வந்து அப்பாவின் தலையைத் தட்டிவிட்டுப் போனாள்.

மயில்வாகனம் கட்டையாக, வெள்ளைச் சட்டையில், சிரித்த முகமாக இருந்தார். சாரதாதேவி நல்ல உயரம். நீலக் கரை போட்ட சேலை, கழுத்தில் ஒரே ஒரு சங்கிலி. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் குறை எதுவும் தெரியவில்லை. குறையைத் தேடுவது மட்டும் தெரிந்தது.

கேசரி வந்தது. தேத்தண்ணி வந்தது. தவமணி கொண்டு வந்து கொடுத்துவிட்டு, வெட்கப்பட்டு உள்ளே ஓடாமல் அங்கேயே உட்கார்ந்து, "ஆன்ட்டி, சீனி சரியா இருக்கா?" என்று கேட்டாள். சாரதாதேவி, "சரியா இருக்கு, பிள்ளை" என்றாள். கார்த்திகேசு மூச்சு விட்டான்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மயில்வாகனம் கோப்பையைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து தோல் உறை போட்ட பூதக்கண்ணாடியை எடுத்தார். அவருடைய துணிப்பையிலிருந்து நகை நிறுக்கிற சின்னத் தராசு ஒன்றும் வெளியே வந்தது.

"அண்ணை, இனி அந்தக் காசைக் காட்டுங்கோவன். ராத்திரி எனக்கு அந்த நினைப்புத்தான்."

பிச்சைமுத்து எழுந்து நின்றார். மறுபடியும் உட்கார்ந்தார்.

"அதுங்க, சாமி மேடையிலதான் இருந்துச்சு. இத்தன வருஷமா அங்கதான் இருக்கு. இன்னிக்குக் காலையிலருந்துதான் காணோம்."

மயில்வாகனம் கண்ணாடியை உறைக்குள் போட்டார். சாரதாதேவி புருஷனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மிகவும் மரியாதையாக, "இல்லாட்டிப் பரவாயில்லை, அண்ணை. நாங்கள் காசு பாக்க வரேல்லைத்தானே" என்றாள்.

அந்த மரியாதைதான் கருப்பம்மாளைச் சுட்டது. வாசற்படியில் நின்றபடி அவள் தன் புருஷனைப் பார்த்தாள். புலிக்கும் ஜப்பான்காரனுக்கும் அசராத மனுஷன், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதோரம் இன்னும் கொஞ்சம் ஒட்டடை இருந்தது. அவரைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, தானே குழியில் தள்ளிவிட்டதாக உணர்ந்தாள்.

விறுவிறுவென்று அடுக்களைக்குப் போய் அரிசி டின்னைத் திறந்தாள். பத்துமலை பின்னாலேயே வந்தான்.

"வேணாம்மா. இருக்கட்டும், வச்சிரு. அந்த தவுக்கே சொன்னதத்தான் இவரும் சொல்லுவாரு."

"சொல்லட்டும்டா. காசு போலின்னா உங்கப்பா ஏமாந்தவரு. காசே இல்லன்னா உங்கப்பா பொய்யரு. ரெண்டுல எது தேவலாம்?"

அவள் கையை முழங்கை வரை அரிசிக்குள் விட்டுத் துழாவினாள்.

*

"மன்னிச்சிருங்க. நேத்து நான்தான் எடுத்து அரிசியில வச்சேன். மறந்துபோச்சு" என்று காசை நீட்டினாள். சபையில் அவள் சொன்ன முதல் பொய் அது. பிச்சைமுத்து அவளை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் உயிர் வந்தது.

மயில்வாகனம் மேசை மேல் கைக்குட்டையை விரித்தார். காசை ஓரத்தால் மட்டும் பிடித்து வாங்கி, தராசில் வைத்தார். முள்ளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"எடை கிட்டத்தட்டச் சரி. இது உண்மையில ருசியாவில அடிச்ச காசில்லை, தெரியுமோ? ஜெர்மன்காரற்ற பெரிய வெள்ளிக்காசு. அந்தக் காலத்தில ருசியா ராசாவிட்ட இவ்வளவு பெரிய காசு அடிக்க வசதி இல்லை. அதால பிற நாட்டுக் காசை வாங்கி, அதுக்கு மேல ரெண்டு முத்திரை குத்தி, இனி இது என்ட காசு எண்டு விட்டவர். ஒண்டு குதிரைக்காரன், அந்த ராசாதான். மற்றது வருஷம்."

"அதத்தான் நான் சொன்னேன்" என்று பிச்சைமுத்து எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பொறுங்கோ. இந்தக் காசில நல்லதைவிடக் கள்ளம் கூட. பழைய ஜெர்மன் காசு மலிவா அம்பிடும். அதில முத்திரையைக் குத்திவிட்டால் விலை எங்கேயோ போயிடும். அதால காசைப் பாத்துப் பிரயோசனமில்லை. முத்திரையைத்தான் பாக்க வேணும்."

காசைத் திருப்பிப் போட்டார். ஒரு பக்கம் ஓங்கிக் குத்தினால், கீழே கல்லிலோ இரும்பிலோ கிடக்கும் மறுபக்கம் தட்டையாகிவிடும் என்றும், அந்தத் தட்டை இங்கே சரியான இடத்தில் இருக்கிறது என்றும் சொன்னார். மறுபடி புரட்டிக் கண்ணாடியை வைத்தார். நெடுநேரம் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

கருப்பம்மாள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"என்னங்க?" என்றார் பிச்சைமுத்து.

"அண்ணை, ஒளிக்காமல் சொல்லுறன். காசு முழுக்கத் தேஞ்சு வழுவழு எண்டு இருக்கு. வருஷ முத்திரையும் தேஞ்சு போச்சு. ஆனால் இந்தக் குதிரைக்காரன் நேற்று அடிச்ச மாதிரி நிக்கிறான். மூக்கு முழி எல்லாம் தெரியுது. தேஞ்ச காசில தேயாத முத்திரை எண்டால், முத்திரை பிறகு வந்தது எண்டுதான் அர்த்தம்."

பத்துமலை தலையைக் குனிந்துகொண்டான். பிச்சைமுத்து அதைப் பார்த்தார். பெண்டாட்டி பக்கம் திரும்பினார்.

"ஒனக்கு முன்னமே தெரியுமா?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"அதான் அரிசியில போட்டியா" என்றார். கோபப்பட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவர் குரலில் கோபமே இல்லை. "துரை அப்படிப்பட்ட ஆளு இல்ல கருப்பம்மா" என்று மட்டும் சொன்னார்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த ஒரு கதையாவது உண்மையாக இருக்கக்கூடாதா, கடவுளே என்று நினைத்தாள். இத்தனை வருஷத்தில் அவர் கதை ஒன்று மெய்யாக இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை.

மயில்வாகனம் இன்னும் கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை.

"எனக்கு ஒண்டு மட்டும் விளங்கேல்லை" என்றார். "கள்ள முத்திரை எண்டால் ரெண்டையும் ஒரே நாளில அல்லோ குத்தியிருப்பான்? ரெண்டும் புதுசா இருக்க வேணும். அல்லாட்டி ரெண்டும் தேஞ்சிருக்க வேணும். ஒண்டு தேஞ்சும் மற்றது தேயாமலும் எப்பிடி இருக்கும்? தங்கச்சி, இந்தக் காசை நீங்கள் எப்பிடி வைச்சிருந்தனீங்கள்?"

"சாமி மேடையிலதாங்க. சுத்தமாத்தான் வச்சிருந்தேன். வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை வெபூதி போட்டு நல்லாத் தேய்ச்சிருவேன்."

மயில்வாகனம் நெஞ்சில் கையை வைத்தார்.

"எவ்வளவு காலமா?"

"கல்யாணம் ஆனதுலருந்து. இருபத்தஞ்சு வருஷமாச்சு. வெள்ளி கறுக்கக் கூடாதுல்லங்க."

"முழுக்காசையும் தேய்ப்பீங்களோ?"

கருப்பம்மாள் அவரை அதிசயமாகப் பார்த்தாள். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த மனுஷனுக்கு இதுகூடவா தெரியாது என்றிருந்தது.

"சாமி மொகத்துல போட்டுத் தேய்ப்பாங்களா? சுத்தித்தான் தேய்ப்பேன். சாமிக்குச் சந்தனம் வச்சு, அதுமேல குங்குமம் வைப்பேன். அந்தப் பொட்டு காஞ்சு அப்படியே இருக்கும். அதுமேலயே அடுத்த வாரமும் வைப்பேன். இந்தப் பயதான் போன வாரம் எனக்குத் தெரியாம கழுவிட்டான். போலின்னு கேட்ட கவலையில நேத்து நான் பொட்டும் வைக்கல."

"எந்தச் சாமிக்கு?"

"மதுரைவீரனுக்குத்தாங்க. குதிர மேல கம்போட உக்காந்திருக்காரே, தெரியலையா?"

கார்த்திகேசு தவமணியைப் பார்த்தான். தவமணி கூரையைப் பார்த்தாள். மயில்வாகனம் ஒரு தீக்குச்சி கேட்டு வாங்கி, குதிரையின் கால் இடுக்கில் மெல்லச் சுரண்டினார். கைக்குட்டையில் சிவப்பாகக் கொஞ்சம் தூள் உதிர்ந்தது.

முதலில் சிரித்தது சாரதாதேவிதான். வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள், முடியவில்லை. நாற்காலியின் நுனியில் இருந்தவள் பின்னால் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"இருபத்தஞ்சு வருஷமா ருசியா ராசாவைக் கும்பிட்டிருக்கிறா, இஞ்சருங்கோ."

கருப்பம்மாளுக்கு முகம் சிவந்தது. ஆனால் அந்தச் சிரிப்பில் இளக்காரம் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

"அப்ப காசு நல்லதாங்க?" என்று பிச்சைமுத்து கேட்டார். அவர் ஒருவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"அண்ணை, இந்த முத்திரைக் காசு சில வருஷம்தான் புழங்கினது. பிறகு ராசாவே திருப்பி வாங்கிப்போட்டார். அதால நல்ல காசில முத்திரை கூராத்தான் இருக்கும். குதிரைக்காரன் இருக்கிற மாதிரித்தான் முழுக்காசும் இருந்திருக்கும். மிச்சத்தை வெள்ளிக்கிழமை விபூதி கொண்டு போச்சு. நான் நூற்றுக்கு நூறு எண்டு சத்தியம் பண்ணமாட்டன். ஆனால் என்னைக் கேட்டால் இது நல்ல காசு. உங்கட துரை உங்களை ஏமாத்தேல்லை."

பிச்சைமுத்து மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிக்க நேரம் பிடித்தது.

"டவுன்ல தவுக்கே புதுசுன்னு சொன்னாரே, அங்கிள்" என்றான் பத்துமலை.

"அவர் சொன்னதும் பிழையில்லை, தம்பி. காசு என்ன சொல்லிச்சோ அதை அவர் வாசிச்சார். உங்கட வீட்டு வெள்ளிக்கிழமை அவருக்குத் தெரியாதுதானே."

"அப்ப என்ன மதிப்பு இருக்கும்?"

"கொம்மா தேய்க்காமல் விட்டிருந்தால் நல்ல விலை. இப்ப அதில பாதியும் வராது." மயில்வாகனம் பெருமூச்சு விட்டார். "ஒரு நாளைக்கு நான் வந்து, காசை எப்பிடி வைக்கிறது எண்டு சொல்லித்தாறன், தங்கச்சி."

"உங்கட பாட்டுக்கு இருங்கோ" என்று சாரதாதேவி குறுக்கே வந்தாள். "எங்கட வீட்டில ஒரு அலுமாரி நிறையக் காசு இருக்கு. தூசு தட்டக்கூட என்னை விடமாட்டார். கொண்டாங்கோ இஞ்ச." காசை வாங்கிக்கொண்டு எழுந்தாள். "ராசாவோ சாமியோ, இவ்வளவு காலம் பொட்டு வைச்ச முகம் வெறுமையா இருக்கப்படாது. சந்தனம் எங்க இருக்கு, தங்கச்சி?"

மயில்வாகனம் பூதக்கண்ணாடியை உறைக்குள் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

சாமி மேடைக்கு முன்னால் இரண்டு பெண்களும் நின்றார்கள். சாரதாதேவி மோதிர விரலால் சந்தனம் தொட்டுக் குதிரைக்காரர் முகத்தில் வைத்தாள். அதன் மேல் குங்குமம் வைத்தாள். காசை விளக்குக்குக் கீழே வைத்துவிட்டு, "தைக்கு முதல் ஒரு நல்ல நாள் பாப்பமோ?" என்றாள். கருப்பம்மாளுக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மரியாதைக்கு அஞ்சிக் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

*

மத்தியானம் இலை போட்டார்கள். மனசு நிறைந்தால் கை தானாகத் தாராளமாகிவிடும் போலிருக்கிறது, சம்பந்திகள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கருப்பம்மாள் ஆளுக்கு ரெண்டு வடையும் மூன்று அப்பளமும் வைத்தாள்.

பிச்சைமுத்து ஆற்றில் கார் விழுந்த கதையைச் சொன்னார். இன்றைக்கு யாரும் குறுக்கே பேசவில்லை. பத்துமலைகூட வாய் பிளந்து கேட்டான். கருப்பம்மாளுக்கு அது இதுவரை கேட்காத கதை மாதிரி இருந்தது. காசு மெய்யென்றால் ஆறும் மெய். ஆறு மெய்யென்றால், அந்த இருட்டுத் தண்ணீரிலிருந்து இவர் நிஜமாகவே துரையை இழுத்துக் கரை சேர்த்திருக்கிறார். தன் புருஷன் பெரிய ஆள்தான் என்று நினைக்க அவளுக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது. அவர் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விட்டாள்.

"உயிரைக் காப்பாத்தினதுக்கு ஒரு காசு. துரை கஞ்சன்தான்" என்று மயில்வாகனம் சிரித்தார்.

"ஒன்னாங்க? ரெண்டு குடுத்தாருங்க" என்றார் பிச்சைமுத்து, அப்பளத்தை நொறுக்கியபடி.

மயில்வாகனத்தின் கை இலையிலேயே நின்றது. "ரெண்டோ? இதே மாதிரி?"

"இதே குதிர, இதே வருஷம். ஒன்ன நான் வச்சுக்கிட்டேன்."

"மற்றது எங்க?"

"அது சுங்காயில ராக்காயிகிட்ட இருக்கும். அவதான் வச்சிருப்பா. நான் குடுத்தத தூக்கிப் போட மாட்டா."

சொல்லிவிட்டு அவர் பாயசத்தை உறிஞ்சினார். யார் அந்த ராக்காயி என்று புதுச் சம்பந்தி முன்னால் கேட்க முடியுமா? கருப்பம்மாள் பாயசக் கரண்டியோடு நின்றாள். புலி கதை தெரியும், ஜப்பான்காரன் கதை தெரியும், இந்தப் பெயரை அவள் கேட்டதே இல்லை.

காலையில் அவர் வார்த்தை மெய்யாக இருக்க வேண்டுமே என்று தவித்தவள், இந்த ஒரு வார்த்தையாவது பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.